அளந்த அரிசியில் ஒரு பிடி

உலை கொதிக்கத் தொடங்கியதும் ஆச்சி அரிசிப் பானையைத் திறப்பாள். உழக்கால் அளந்து சுளவில் கொட்டிப் புடைப்பாள். கல் பொறுக்கி, களையப் போகும் நேரத்தில் ஒரு கை அள்ளி, அடுப்போரம் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். உதடு மட்டும் அசையும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடி அரிசியெல்லாம் துணிப்பையில் கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும். "பானையில இருந்தே எடுத்துப் போட்டா என்ன ஆச்சி? அளந்ததுல ஏன் எடுக்க?" என்று கேட்டேன்.

"பானையில எடுத்தா யாருக்குலே குறையும்?" என்றாள்.

பதில் அன்று விளங்கவில்லை. ஆனால் சோறு குறைகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். குறைந்தது. எல்லாரும் எழுந்தபின் கடைசியாக உட்காரும் ஆச்சியின் தட்டில் குறைந்தது.

கோயிலில் எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று வேகுமுன் இன்னொன்று குழைந்துவிடும் என்பதால் சோறாக்க உதவாது. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். எடுப்பவர் மாவு திரிப்பார், இல்லையென்றால் கோழிக்குப் போடுவார். பணம் காணிக்கைக் கணக்கில் சேரும். அந்தச் சாக்கில் கைவிட்டு, இது பண்ணையார் வீட்டு அரிசி, இது பனையேறி வீட்டு அரிசி என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று இயேசு சொன்னதற்கு நான் முதலில் கண்ட விளக்கம் அந்தச் சாக்குதான்.

பிடி அரிசி எங்கள் ஊரோடு நின்ற வழக்கமல்ல. மிசோரத்தில் இதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். 1910-ல் தொடங்கி, இன்றும் அங்குள்ள திருச்சபையின் ஊழியத்தைத் தாங்குகிறது. 1903-ல் பாளையங்கோட்டையில் எங்கள் மக்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோதும், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் கையிலிருந்தே கொடுப்பது என்றுதான் முடிவு செய்தார்கள்.

ஞாயிறு பள்ளியில் சாறிபாத் ஊர் விதவையின் கதையைக் கேட்டபோது எனக்கு எலியா தீர்க்கதரிசியின் மேல் கோபம் வந்தது. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கொஞ்சம் எண்ணெய். மகனும் தானும் அதைத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்குகிறாள். அவளிடம் போய், முதலில் எனக்கு ஒரு அடை சுட்டுக் கொண்டுவா என்று கேட்பது என்ன நியாயம்? கோபத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அவள் கொடுத்தபின் பானை நிரம்பி வழிந்ததாகக் கதையில் இல்லை. மாவு தீரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் ஒவ்வொரு நாள் காலையும் அவள் பானையின் அடியைப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு நாளும் புதிதாக நம்பியிருப்பாள். மூட்டை கொடுத்திருந்தால் அவள் மூட்டையை நம்பியிருப்பாள்.

இப்போது என் காணிக்கை மாதம் முதல் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. ஒரு மாதமும் தவறியதில்லை. ஒரு மாதமும் என் தட்டில் ஒரு பருக்கை குறைந்ததுமில்லை. பானையிலிருந்து எடுக்கிறேன், ஆச்சி.

தாத்தா போய், பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊராய்ப் போனபின் ஆச்சி தனியாகத்தான் பொங்கினாள். மூன்று உழக்கு ஒன்றாகி, பிறகு அரை உழக்கானது. விடுமுறைக்குப் போயிருந்த ஒரு நாள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அரை உழக்கைச் சுளவில் கொட்டினாள். எட்டுப் பேருக்குப் பொங்கிய காலத்தில் அள்ளிய அதே பிடியை அள்ளினாள். சுளவில் மிச்சமிருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"ஆச்சி, இனி பாதிப் பிடி போட்டாப் போதாதா?"

கலயத்துக்கு மேல் மூடிய கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அளவு உழக்குலலே குறைஞ்சிருக்கு. கை அதே கைதானே?"