புதன், வெள்ளி விடுப்புகள்

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் காம்பஸ் முனையால் சக மாணவனின் கையில் குத்திவிட்டான். இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. ஆபத்தான கருவியால் காயப்படுத்துவதற்கான பிரிவு 324. இளைஞர் நீதிக் குழுமத்தில், குத்திய பையனுக்காக நான் ஆஜரானேன்.

“எஃப்.ஐ.ஆர். கூடப் போடலையே, இது என்ன நியாயம்?” என்று காயம்பட்டவனின் அப்பா வாசலிலேயே சத்தம் போட்டார். கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் சிறார் மீது எஃப்.ஐ.ஆர். கிடையாது, காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிவும் சமூகப் பின்னணி அறிக்கையும்தான். அதைக் கேட்கும் மனநிலையில் அவர் இல்லை.

பள்ளி கொடுத்த கடிதம் அவருக்குச் சாதகமாக இருந்தது. அவர் மகன் வகுப்புத் தலைவன், துடிப்பானவன், மரியாதை தெரிந்தவன். என் கட்சிக்காரனோ யாரோடும் ஒட்டாதவன், உள்ளுக்குள் வன்மம் வைப்பவன். குணத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நார்வேயில் பள்ளிக் கொடுமைகளை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் சொன்னதை எழுத்துபூர்வ வாதத்தில் சேர்த்தேன். கொடுமைக்காரப் பையன்கள் மனதுக்குள் கோழைகள் என்ற நம்பிக்கையை அவர் ஆய்வுகள் ஏற்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் தன்னம்பிக்கை உள்ளவர்களே. சிக்கிக்கொள்பவர்களில் பலர் அச்சமும் தயக்கமும் கொண்டவர்கள். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்க்க முடியாதவனிடம் செய்வதுதான் கொடுமைக்கு அடையாளம். ஆகவே, தேட வேண்டியது குணச் சான்றிதழை அல்ல, திரும்பத் திரும்ப நடந்ததை.

வருகைப் பதிவேட்டைக் குழுமம் வரவழைத்தது. பையன் எடுத்த விடுப்புகள் ஏறக்குறைய எல்லாமே புதன், வெள்ளி. வகுப்பாசிரியரிடம் கேட்டேன்:

“அந்த நாட்களில் என்ன பாடவேளை?”

“பி.டி. பீரியட் சார்.”

“லீவ் லெட்டரில் என்ன காரணம்?”

“வயித்துவலின்னு எழுதியிருப்பான்.”

“எல்லாத்திலயுமா?”

அவர் பதில் சொல்லவில்லை.

கூண்டும் மேடையும் இல்லாத அந்த அறையில், குழுமத்தின் பெண் உறுப்பினர் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டபோது பையன் பேசினான். விளையாட்டு முடிந்ததும் அவன் சட்டையை ஒளித்து வைப்பார்கள். பனியனோடு அவன் தேடி அலைவதைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். ஒளிப்பவன் ஒருவன்தான், சிரித்தது வகுப்பு முழுக்க.

குத்தியது தவறு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்கி, அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பியது குழுமம். விளையாட்டு வேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பும்வரை ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று பள்ளிக்கும் சொன்னது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு இருப்பதால், இந்த வழக்கு அவன் படிப்புக்கோ வேலைக்கோ குறுக்கே நிற்காது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்றால் மருந்து கொடுங்கள்; எந்தக் கிழமையில் வலிக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.