வெயில் நாட்டில் வெயில் காணாதவர்கள்

இலங்கையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரும் சொன்னதில்லை. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையிலும், யாழ்ப்பாணம் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் அமைந்திருக்கின்றன. வருடம் முழுவதும் மதியச் சூரியன் உயர நிற்கும் நாடு இது. இப்படியான நாட்டில் வெயிலால் கிடைக்கும் ஒரு சத்துக் குறைந்து பெண்கள் நோவுபடுகிறார்கள் என்றால், அதுவும் மற்றவர்களின் நோயைப் பார்க்கும் பெண்கள் நோவுபடுகிறார்கள் என்றால், சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னை யோசிக்க வைத்தவர் என் அக்கா. இருபது வருடங்களுக்கு மேலாகத் தாதியாக வேலை செய்பவர். சில வருடங்களாக அவருக்குத் தொடையிலும் இடுப்பிலும் நோ. இருந்த இடத்தில் இருந்து எழும்பக் கஷ்டம்; படியேறக் கைபிடி வேண்டும். "வயது போகுது", "வேலை கூட", "கனக்க யோசிக்கிறாய்" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவரும் பனடோலைப் போட்டுக்கொண்டு கடமைக்குப் போய்வந்தார். கடைசியில் ஒரு வைத்தியர் எழுதிக்கொடுக்க, தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தார். விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 11 நனோகிராம். அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி லீற்றருக்கு 6 மில்லிகிராம்.

முதலாவது குறைவு, இரண்டாவது கூட. இதை எனக்கு விளங்கப்படுத்தியதே அக்காதான். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "வருத்தம் என்னெண்டு எனக்குத் தெரியும். எங்கடை வாட்டிலை இன்னும் நாலு பேருக்கு இதே றிப்போட் வந்திருக்கு. அது ஏன் எண்டு நீ சொல்லு. நீ படிச்சது சமூகவியல்தானே?"

அந்தக் கேள்விக்கு விடை தேடி வாசித்தவற்றையும் யோசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

விற்றமின் டியைப் பெரும்பாலும் நமது தோலே தயாரிக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகைக் கதிர் தோலில் படும்போது அது உருவாகி, ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து உடம்புக்குப் பயன்படும் நிலைக்கு வருகிறது. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இது அவசியம். இது கடுமையாகக் குறைந்தால் வளர்ந்தவர்களின் எலும்பு மென்மையாகும், இடுப்பும் தொடையும் நோகும், தசை பலவீனப்படும். இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று நீண்டகாலமாகக் கணிக்கப்பட்டு வருகிறது.

சீ.ஆர்.பி என்பது ஈரல் சுரக்கும் ஒரு புரதம். 1930இல் அமெரிக்காவில் ரிலெற், பிரான்சிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். கிருமி தொற்றினாலும் காயம் பட்டாலும் இது கிடுகிடுவென்று ஏறும். தொற்று எதுவும் இல்லாமலே சிறிதளவு உயர்ந்து நிற்பதும் உண்டு. அது சாம்பலுக்குள் கிடக்கும் தணல் போன்றது. 3 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து நின்றால் இருதய நோய்க்கான ஆபத்து கூடுதலானவர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இருதய நிபுணர்கள் 2003இல் வழிகாட்டினார்கள். உடற்பருமன், நித்திரைக் குறைவு, முரசு வருத்தம், புகைத்தல் என்று இந்தத் தணலை ஊதிவிடும் காரணங்கள் பல.

இனி, அக்காவின் ஒரு நாளைப் பாருங்கள். காலைக் கடமை 7 மணிக்கு, மாலைக் கடமை பகல் 1 மணிக்கு, இரவுக் கடமை மாலை 7 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரைக்கும். புற ஊதா 'பி' கதிர் நன்றாகக் கிடைப்பது முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரையில்தான். அந்த நேரத்தில் அவர் ஒன்றில் வாட்டுக்குள் நிற்பார், அல்லது இரவுக் கடமை முடிந்து வந்து யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருப்பார். யன்னல் கண்ணாடியூடாக வெளிச்சம் வரும். இந்தக் கதிர் வராது. கடமை இல்லாத நாளிலாவது வெயில் காணலாம் என்றால், ஒரு கிழமைக்குச் சேர்ந்த சமையலும் உடுப்புத் தோய்ப்பும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கும். வெளியே இறங்கினால் குடை. "வெயிலுக்கை திரிஞ்சு கறுத்துப் போகாதை" என்று சின்ன வயதில் கேட்ட சொல் நாற்பது வயதிலும் பெண்களின் காதை விட்டுப் போவதில்லை. எங்கள் கறுத்தத் தோலுக்கு இதே அளவு விற்றமினைத் தயாரிக்க வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு வாட்டின் கதை மட்டுமல்ல. தொழிலையும் விற்றமின் டியையும் பற்றிய 71 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கனேடிய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. மாறிமாறி வரும் கடமை நேரங்களில் வேலை செய்பவர்களில் 80 வீதமானோருக்குக் குறைபாடு இருந்தது. கட்டடங்களுக்குள் வேலை செய்வோரில் அது முக்கால் பங்குக்கும் மேல். வெளியில் வேலை செய்வோரில் ஏறக்குறையப் பாதி. சுகாதாரத் துறைக்குள் நோக்குமிடத்து, மருத்துவக் கல்வி பெறும் மாணவரும் பயிற்சி வைத்தியர்களுமே மிக மோசமாக இருந்தார்கள். கடமை நேரத்தைத் தாமே தீர்மானிக்க முடியாதவர்கள் இவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பிரித்தானியாவின் பேர்மிங்காம் நகரில் 2020 மே மாதம், கொவிட் முதல் அலையின்போது, 392 சுகாதார ஊழியர்களைப் பரிசோதித்தார்கள். விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களில் 72 வீதமானோருக்குக் கொவிட் தொற்றியிருந்தது. போதியளவு இருந்தவர்களில் அது 51 வீதம். குறைபாடு உள்ளவர்களில் வெள்ளையர் அல்லாதோரும் இளநிலை வைத்தியர்களும் அதிகம். கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. ஒஸ்லோவில் இருந்தவர்களின் அளவு மிகக் கீழே இருந்தது. கண்டியில் இருந்தவர்களின் சராசரியோ குறைபாட்டுக் கோட்டுக்குச் சற்று மேலேதான். வெயில் இருக்கிறது என்பது வெயில் கிடைக்கிறது என்பதாகாது.

சரி, விற்றமின் டி குறைந்ததாலா அழற்சி கூடியது? இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் சேர்ந்து வருபவை எல்லாம் ஒன்றையொன்று பெற்றவை அல்ல. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, உடம்பில் அழற்சி ஏறும்போது, இரத்தத்தின் விற்றமின் டி தானாகவே இறங்குவதை அவதானித்திருக்கிறார்கள். அதாவது திசை மறுபக்கமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 25,871 பேருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு விற்றமின் டியோ வெறும் குளிசையோ கொடுத்து ஐந்து வருடங்களுக்கு மேல் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. இருதய நோயோ புற்றுநோயோ குறையவில்லை. உடம்பு தன்னையே தாக்கும் வகை நோய்கள் சற்றுக் குறைந்ததாக அதே ஆய்வு 2022இல் காட்டியது. ஆக, குளிசையில் ஒன்றுமேயில்லை என்றும் சொல்ல முடியாது, அது எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்ல முடியாது.

அக்காவின் உடம்பும் இதைத்தான் சொன்னது. வைத்தியர் சொன்னபடி சில மாதங்கள் மருந்து எடுத்தார். விற்றமின் டி 31க்கு ஏறியது. தொடை நோ நன்றாகக் குறைந்தது. கைபிடி இல்லாமல் படியேறுகிறார். சீ.ஆர்.பி மட்டும் 6இலிருந்து 5க்கு வந்து நின்றுவிட்டது. "எலும்பு கேட்டுது, தணல் கேக்கேல்லை" என்றார். இரவுக் கடமைகள் அதே எண்ணிக்கையில்தான் இருந்தன. நித்திரையும் அதே நாலு மணித்தியாலம்தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய நூலில் ஒரு வேறுபாட்டை விளக்குகிறார். ஒரு நகரத்தில் ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அது அவருடைய சொந்தத் தொல்லை. இலட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லையென்றால் அது அந்தச் சமூகத்தின் பிரச்சினை. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக இதைப் பாடமாக்கினோம். அக்காவின் வாட்டில் நாலு பேருக்கு ஒரே றிப்போட் வந்தபோதுதான் அதன் கனம் விளங்கியது. நாலு பேர் தனித்தனியே காசு கட்டிப் பரிசோதித்து, தனித்தனியே குளிசை வாங்கி, தனித்தனியே "எனக்கு வயது போகுது" என்று நம்பினால், றோஸ்டரைப் பற்றி எவருமே கதைக்கப்போவதில்லை. இரவு வேலை மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. இரவுக் கடமையை ஒழிக்க முடியாது. நோயாளிக்கு இரவு பகல் கிடையாது. ஆனால் அதை எப்படிப் பங்கிடுவது என்பது மனிதர் எடுக்கும் தீர்மானம்.

நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், கையும் காலும் படச் சில நிமிடங்கள் வெளியே நில்லுங்கள். தோல் எரியும்வரை நிற்கத் தேவையில்லை. காலை இளவெயில் இதமாக இருக்கும், இந்த விற்றமினுக்கு அது போதாது. சூடை, சாளை போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டை மஞ்சட் கருவும் உதவும். நோ இல்லாதவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. சுகதேகியான வளர்ந்தவர்களுக்கு இப்பரிசோதனையை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று ஓமோன் துறை நிபுணர்களின் சங்கமே 2024இல் கூறியிருக்கிறது. எலும்பு நோவும் தசைப் பலவீனமும் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி போட்டார் என்று பெரிய ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவுஸ்திரேலியாவில் வருடத்துக்கு ஒரு தடவை 5 இலட்சம் அலகு கொடுக்கப்பட்ட வயதான பெண்கள், கொடுக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாக விழுந்து எலும்பு முறித்துக்கொண்டதாக 2010இல் அறிவிக்கப்பட்டது. அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகமும் கெடும்.

இவை தனி ஆள் செய்யக்கூடியவை. சேர்ந்து கேட்க வேண்டியவை வேறு: தொடர்ச்சியாக வரும் இரவுக் கடமைகளுக்கு ஒரு எல்லை, இரவுக் கடமைக்குப் பிறகு உண்மையான ஓய்வு நாள், வெளிச்சம் வரும், வெளியே இறங்கக்கூடிய ஓர் ஓய்விடம், ஊழியர் மருத்துவப் பரிசோதனையில் தாதியருடன் சிற்றூழியர்களும் சுத்திகரிப்புத் தொழிலாளர்களும் சேர்க்கப்படுதல். வாட்டைக் கூட்டித் துடைக்கும் பெண்ணுக்கு அந்தப் பரிசோதனைக்கான காசு பல நாள் சம்பளம்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் பெண் காலை 8 மணிக்கு அடுப்படியில் நின்றால், மத்தியானம் வெயிலும் இல்லை, நித்திரையும் இல்லை. அந்தச் சோற்றை வேறு எவரும் ஆக்கலாம். அவருடைய நித்திரையை அவர் மட்டும்தான் கொள்ள முடியும்.