வான்டேஜ்: கல்மரக் காட்டில் சிலந்தி வேட்டை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டலிலிருந்து கிழக்கே சுமார் 220 கி.மீ. தொலைவில் இருக்கிறது வான்டேஜ். கேஸ்கேட் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மேகங்களை மறித்துவிடுவதால், இங்கே ஆண்டுக்கு 20 செ.மீ. மழை பெய்தாலே அதிகம். கருத்த பசால்ட் பாறை, ஓயாத காற்று, சாம்பல் பச்சையில் சேஜ்பிரஷ் புதர்கள். இவற்றுக்கு நடுவே கொலம்பியா ஆறு. அதன் மேற்குக் கரையில் ஒரு பெட்ரோல் பங்க்கும் சில வீடுகளுமாக இந்தச் சிற்றூர்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜிங்கோ கல்மரக் காட்டுப் பூங்கா. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிச் சேற்றில் அமிழ்ந்த மரங்களை எரிமலைக் குழம்பு மூடியது. மரத்தில் சிலிக்கா ஊறிக் கல்லானது. ஆற்றின் குறுக்கே 1963இல் முடிந்த வானபம் அணையின் நீர் ஏறி வந்தபோது பழைய வான்டேஜும், ஆற்றோரப் பாறைகளில் பழங்குடிகள் செதுக்கியிருந்த உருவங்கள் பலவும் மூழ்கின. மீட்ட சில உருவங்களைப் பூங்காவின் அருங்காட்சியகத்தருகே பார்க்கலாம்.

கல்மரம் பார்க்க வருபவர்கள் காணத் தவறுவது சிலந்திகளை. தேடுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். புதருக்கடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு கிளையைக் கழியால் தட்டினால் போதும். குதிக்கும் சிலந்திகள் துணியில் விழுந்து, திரும்பி நம்மையே உற்றுப் பார்க்கும். ஏப்ரல், மே மாதங்களில் சரிவெங்கும் மஞ்சள் பூக்கள் மலரும்போது, இதழோடு இதழாக நண்டுச் சிலந்தி பதுங்கியிருக்கும். அதில் ஒரு வகை, வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல நிறம் மாறிக்கொள்ளும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் இறங்கி ஆற்றோரம் வந்தால் வேறு கூட்டம். கோரைத் தாளில் கால்களை முன்னும் பின்னும் நீட்டி ஒட்டிக் கிடக்கும் நீள்தாடைச் சிலந்தியைத் துரும்பென்றே நினைப்போம். நீர் விளிம்பின் கூழாங்கற்களில் ஓநாய்ச் சிலந்திகள் வலை பின்னாமல் ஓடியே இரை பிடிக்கின்றன. இரவில் நெற்றி விளக்கோடு போனால் அவற்றின் கண்கள் பச்சைப் பொறிகளாக மின்னும். விளக்கு நம் கண்ணுக்கு அருகிலேயே இருந்தால்தான் அந்த ஒளி நமக்குத் திரும்பி வரும்.

வறண்ட மேட்டிலும் ஈரக் கரையிலும் இரண்டு தனித்தனிச் சிலந்தி உலகங்களை ஒரே நடையில் பார்த்துவிட முடிவதுதான் இந்த இடத்தின் சிறப்பு.

போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கருப்பு விதவைச் சிலந்தியும் கிலுகிலுப்பைப் பாம்பும் இப்பகுதியில் உண்டு. வெறுங்கையால் கல்லைப் புரட்ட வேண்டாம். புரட்டிய கல்லைப் பழையபடியே வையுங்கள், அது ஓர் உயிரின் வீடு. கோடை வெயில் கொளுத்தும். வசந்தமே ஏற்ற காலம். மாநிலப் பூங்கா என்பதால், அனுமதி இல்லாமல் எதையும் பிடித்து எடுத்து வரக் கூடாது. பார்த்து, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.