ஐந்தாம் பாகம்

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலை நான் முழுதாகப் படித்ததில்லை. படித்ததாகச் சொல்லிக்கொண்டே ஐம்பது வயதைத் தாண்டினேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் செய்த மற்றவை எல்லாம் இந்தப் பொய்யின் மேல் எழும்பியவை.

எங்கள் வீட்டில் அது பைண்டு புத்தகமாக இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது, தாத்தா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் படங்களோடு பாகம் பாகமாகக் கட்டிவைத்தார். நான் பார்க்கும்போது நான்கு பாகம்தான் மிச்சம். ஐந்தாவதான 'தியாகச் சிகர'த்தை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஐந்தையும் முடித்திருந்தாள்.

நான் ஒரு கோடை விடுமுறையில் 'புது வெள்ளம்' படித்தேன். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதும், கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டமும் இன்றைக்கும் மனப்பாடம். 'சுழற்காற்'றில் பாதி வந்தேன். பிறகு வர்ணனைகளைத் தாண்டினேன். பிறகு அத்தியாயங்களைத் தாண்டினேன். மூன்றிலும் நான்கிலும் படங்களை மட்டும் பார்த்தேன். ஐந்தாவதைக் கையால் தொட்டதுகூட இல்லை. இருப்பதிலேயே பெரிய பாகம் அதுதான். 91 அத்தியாயங்கள்.

கல்லூரியில் ஒருவனிடம், சின்ன வயதிலேயே ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் வாயைப் பிளந்தான். எனக்கு அது பிடித்துப் போயிற்று. அன்றே ஒரு கடையில் மீதியை வாங்கிப் படித்திருக்கலாம். படித்தவன் என்ற பெயர் கிடைத்த பின் படிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

துணுக்குகளை வைத்தே காலம் தள்ளினேன். எம்.ஜி.ஆர். இதைப் படமாக்க 1958-இல் உரிமை வாங்கியது, மேஜிக் லேன்டர்ன் குழு 1999-இல் சென்னையில் நாடகமாகப் போட்டது, அதே ஆண்டு கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. இவ்வளவு சொல்கிறவன் நாவலைப் படித்திருக்க மாட்டான் என்று யாருக்கும் தோன்றாது. நாவலில் வரும் சேந்தன் அமுதன் உண்மையில் யார் என்பதைக்கூட ஒரு கட்டுரையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மணிரத்னத்தின் முதல் படம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. அம்மாவையும், பெங்களூரிலிருந்து வந்திருந்த தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. படம் எனக்குப் பிடித்திருந்தது. விக்ரம் சோழ இளவரசன் கரிகாலனாக நந்தினியைப் பற்றிக் குமுறும் இடத்தில் கண் கலங்கினேன். வெளியே வந்ததும் உதட்டைப் பிதுக்கினேன். "புத்தகத்துல கால்வாசிகூட இல்ல" என்றேன். மூலத்தை அறிந்தவன் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

தங்கை மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தப் படம் அவளை அம்மாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதற்கு முன் பாட்டிக்கும் பேத்திக்கும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. இப்போது மணிக்கணக்கில் கதை. அம்மா பைண்டு புத்தகங்களை வெளியே எடுத்தாள். மணியத்தின் படத்துக்குக் கீழே இருக்கும் பெயர்களை அந்தப் பெண் எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். குந்தவை என்று முதன்முதலாக அவளாகவே படித்தபோது அம்மா கைதட்டினாள். எனக்குச் சிறிது பொறாமையாக இருந்தது. வீட்டில் பொன்னியின் செல்வன் என்றால் என்னிடம் அல்லவா வர வேண்டும்?

இரண்டாவது படம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தது. மே விடுமுறைக்கு வந்தவள் அதையும் பார்த்தாள். அன்று இரவு கூடத்தில் எல்லோரும் இருந்தோம். தங்கை, மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர்கள். அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மாச்சி, புக்ல கரிகாலனைக் கொன்னது யாரு?"

"அதைக் கல்கி சொல்லவே இல்லடா கண்ணு. விளக்கு போயிடும். ஒரே இருட்டு..."

நான் குறுக்கே விழுந்தேன். "அம்மா, உனக்கு மறந்து போச்சு. ரவிதாசன்தான். புத்தகத்துல தெளிவா இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்லப்பா. அந்த மணிமேகலைப் பொண்ணுகூட நான்தான் கொன்னேன்னு சொல்லுமே. பாவம், படத்துல அவளையே காணோம்."

"மணிமேகலை ஒரு சின்னப் பாத்திரம். அவ இல்லாட்டி என்ன? உனக்கு வயசாச்சும்மா, கதையெல்லாம் குழம்புது. பிள்ளைகிட்டத் தப்புத் தப்பா சொல்லாத."

இதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். மாப்பிள்ளையும் சிரித்தார். அம்மா "இருக்கும்ப்பா. நீயே சொல்லு" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

நானே சொன்னேன். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி அரை மணி நேரம் விளாசினேன். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது அது. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. அத்தனையும் உண்மை. ஆனால் அது கல்வெட்டில் உள்ளது. அந்தப் பெண் கேட்டது நாவலை. எனக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போனை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அம்மா கதை சொல்லவில்லை. பேத்தி கேட்டால், "மாமாகிட்டக் கேளுடா, எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். பேத்தி மாமாவிடம் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டலும் அங்கேயே நின்றது.

அதற்கடுத்த சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு மலிவுப் பதிப்பு வாங்கினேன். மனம் திருந்தி வாங்கவில்லை. ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் 'நாவலும் படமும்' என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். படத்தைக் குத்துவதற்கு ஐந்தாம் பாகத்தில் ஏதாவது கிடைக்கும் என்று வாங்கினேன்.

பாகத்தின் நடுவில் அந்த இடம் வந்தது. கடம்பூர் மாளிகை. விளக்கு போகிறது. இருட்டு. கரிகாலன் செத்துக் கிடக்கிறான். வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை நான் கொன்றேன் என்கிறாள். பின்னால் பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். உறுதியாக இவன்தான் என்று கல்கி கடைசிவரை யாரையும் நிறுத்தவில்லை. அம்மா சொன்னது சொன்னபடி இருந்தது.

தொடர்ந்து படித்தேன். அந்த நாவல் மணிமேகலையின் சாவில் முடிகிறது. சோழ சிம்மாசனத்தையும் போர்களையும் விட்டுவிட்டு, வந்தியத்தேவனை ஒருதலையாக நேசித்த ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறார் கல்கி. அவளைத்தான் நான் சின்னப் பாத்திரம் என்றேன். படத்தின் மேல் நான் அடுக்கிய புகார்களில் அவள் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த இழப்பைக் கவனித்தவள் எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான்.

கூட்டத்துக்குப் போனேன். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதிதாகப் படித்ததை, ஏதோ பல வருடமாக அசைபோட்டதுபோலப் பேசினேன். சால்வை போர்த்தினார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அன்னிக்கு நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"அப்போ ஏம்மா பேசாம எழுந்து போன?"

"அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பொய்யனாக்கச் சொல்றியா? அஞ்சாம் பாகம் நம்ம வீட்டுலயே கிடையாதேடா. நீ எங்க படிச்சிருப்ப?"

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. உறவினர் வீடுகளில் நான் அளந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. அவள் சரியாகச் சொன்ன ஒன்றுக்காக, வயசாச்சு, குழம்புது என்று நான்தான் அவளைக் கூட்டத்தில் காட்டிக்கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "கீரைத் தண்டைத் தனியா எடுத்து வை" என்றாள். அதை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. அப்படி எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை.

விடுமுறையில் பேத்திக்குச் சொன்ன கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன். மாட்டேன் என்றாள். தொண்டை வலிக்கிறதாம்.

தங்கை மகளுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். கரிகாலனைக் கொன்றது யார் என்று நாவலில் இல்லை, அம்மாச்சி சொன்னதுதான் சரி என்றேன். "எந்தக் கரிகாலன்?" என்று கேட்டுவிட்டு, "ஓ, அந்தப் படமா? ஓகே மாமா" என்றாள். நான் படிக்காமலே பேசினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வந்தேன். கிளாஸ் இருக்கிறது என்றாள். அவள் வைக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன்.