பன்ஹல்கலைப் பாறையில் தமிழ்

பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலப் பாதையால் போய், பாறைப் படிகளில் ஏறினால் லங்காதிலக விகாரை. 2018 மார்ச்சில் திகனயிலும் அயலூர்களிலும் நம்மவர் வீடுகளும் கடைகளும் எரிந்த பிறகு, கண்டிப் பக்கத்துப் பன்சலை ஒன்றுக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. செருப்பைக் கழற்றினேன். தொப்பியையும் மடித்துப் பைக்குள் வைத்தேன். அங்கே எல்லோரும் வெறுந்தலையோடுதான் நிற்கிறார்கள்.

கம்பளை இராச்சியத்தில், நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல் எழுந்தது இது. முன்னின்று கட்டுவித்தவர் அமைச்சர் சேனாலங்காதிகார. சிற்பாசாரியார் தென்னிந்தியரான ஸ்தபதி ராயர். உள்ளே புத்தர், சுற்றிவர உள்ள மாடங்களில் விஷ்ணு முதலான தெய்வங்கள். அதே ஆண்டில்தான் இப்னு பதூதாவும் இலங்கையில் வந்திறங்கிப் பாவாதமலைக்குப் போனார்.

வெளியே, பாறைமேல் சிங்களக் கல்வெட்டு. கூடவே தமிழ்க் கல்வெட்டு. விகாரைக்கு விடப்பட்ட நிலபுலன்களின் விபரம் அது.

"மஹத்தயாவுக்கு இதை வாசிக்க ஏலுமா?" காவலுக்கிருந்த முதியவர் சிங்களத்தில் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். காலம் தின்றது போக, ப, ம, ர என்று சில எழுத்துகளே பிடிபட்டன. உரக்கச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

தமிழும் அரசகரும மொழியாவதற்கு 1987இன் 13ஆம் திருத்தம் வேண்டியிருந்தது. ஆயினும் தமிழில் ஒரு கடிதம் பெறக் காரியாலயங்களுக்கு நடையாய் நடக்கிறோம். அந்த அமைச்சருக்கோ, விகாரையின் சொத்துரிமையைத் தமிழிலும் வெட்டிவைக்க எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை.

நெருப்பு வைத்த பிள்ளைகளையும் நம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி இந்தப் பாறைக்குக் கூட்டிவர வேண்டும். அவரவர் எழுத்தை மற்றவருக்கு வாசித்துக் காட்டட்டும்.