பிடித்தம் போக

ராஜபாளையத்தில் ஒரு அரசு கான்ட்ராக்டரிடம் ‘பில் வந்துருச்சா?’ என்று கேட்டால் தொகையைச் சொல்லமாட்டார். ‘பிடித்தம் போக...’ என்றுதான் ஆரம்பிப்பார். இருபது வருடமாக இவர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். நோட்டின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவை இவை.

*

வாறுகால் (கழிவுநீர்க் கால்வாய்) கட்டிய ஒருவர். வேலை மதிப்பு 5,00,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 90,000. (2022 ஜூலை 17 வரை 12 சதவீதமாக இருந்தது.) ஆக, பில் 5,90,000. பணம் தரும்போது வருமான வரிக்கு 1 சதவீதம், 5,000. ஜி.எஸ்.டி.க்கான பிடித்தம் (ஜி.எஸ்.டி. டி.டி.எஸ்.) 2 சதவீதம், 10,000. மீதி 5,75,000. தொழிலாளர் நல நிதி, டெபாசிட் பிடித்தம் எல்லாம் தனி.

பிடித்த 15,000-மும் அவர் பெயரில்தான் வரவாகும். அதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் தேதியில். இன்வாய்ஸ் போட்டால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டவேண்டும். சிமெண்ட், கம்பி வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், மீதி கைக்காசு. பிந்தினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவர் பில் கொடுத்தது மாசியில். பணம் வந்தது ஆவணியில்.

“வராத காசுக்கு வட்டிக்கு வாங்கி வரி கட்டுனேன் அண்ணாச்சி.”

அன்றிலிருந்து எல்லாரிடமும் நான் சொல்வது: எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவு ஏறி, பில் பாஸாகும் வேளையில் இன்வாய்ஸ் போடுங்கள். வேலையை முடித்த உற்சாகத்தில் அன்றைக்கே போடாதீர்கள். ஆனால் இன்வாய்ஸைத் தள்ளிப்போடவும் சட்டத்தில் எல்லை உண்டு. எம்-புக் எழுதத் தாமதிப்பதற்கு அப்படி ஒரு எல்லையை நான் பார்த்ததில்லை.

*

ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். 2018 அக்டோபர் 1-இல் வந்தது. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அரசுத் துறையும் உள்ளாட்சியும் பொதுத்துறை நிறுவனமும் பிடிக்கவேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-7-இல் காட்டவேண்டும். நாம் போர்ட்டலுக்குள் போய் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தினால் நம் ரொக்க லெட்ஜரில் ஏறும்.

அழுத்தாமல் விட்டவர்கள் நிறைய. அவர்கள் பணம் அங்கேயே கிடக்கிறது, உண்டியலில் போட்டதுபோல.

*

அலுவலகம் பான் எண்ணில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டால் வரவு இன்னொருவர் கணக்குக்குப் போய்விடும். திருத்த அதே அலுவலகம்தான் திருத்த அறிக்கை போடவேண்டும். போட வேண்டிய கிளார்க் மாறுதலில் போயிருப்பார். புதியவர் சொல்வார்: “அது என் பீரியட் இல்லீங்க.”

*

பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்போல அரசே வாங்கும்போது ஒரு கேள்வி வரும்: இது விற்பனையா, வேலையா? சொந்த நூலில் நெய்து விற்றால் சரக்கு. ஒப்பந்த வேலைக்கான வருமான வரிப் பிடித்தம் கிடையாது. வாங்குபவரிடமிருந்தே நூலைப் பெற்று, அவர் சொன்ன அளவில் நெய்து கொடுத்தால் வேலை, பிடித்தம் உண்டு. தறியும் ஒன்றே, துணியும் ஒன்றே. நூல் யாருடையது என்பதில் வரி மாறுகிறது.

*

எங்கள் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே அரசுக்காக ஆஜராகும் வக்கீலும் என் நோட்டில் ஒப்பந்தக்காரர்தான், வேறு பக்கத்தில். அவர் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு; ஆனால் ஆண்டுக்கு 50,000 தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம். வாறுகால் கட்டுபவருக்கு 1, வக்கீலுக்கு 10.

“படிச்சதுக்குத் தண்டனையா?” என்றார். இல்லை சார், சிமெண்ட் வாங்காததற்கு.

*

லண்டனில் ஐ.டி. ஒப்பந்த வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஆண்டாள் தேருக்கு வந்திருந்தான். அங்கே சொந்தக் கம்பெனி வைத்து அரசு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களை 2017 ஏப்ரல் முதல் அந்த நிறுவனமே எடைபோடவேண்டும்: ‘நீ உண்மையில் ஒப்பந்தக்காரனா, ஊழியன் மாதிரியா?’ ஊழியன் மாதிரி என்றால் சம்பளத்துக்குப் போலவே வரி பிடித்துவிடுவார்கள். “ஊழியனுக்கு உள்ள வரி வருது மாமா, லீவும் பென்ஷனும் வரல” என்றான்.

இங்கே ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஆபரேட்டரை நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, அதிகாரி சொன்னால் இரவு எட்டு வரை. காகிதத்தில் அந்தப் பெண் ஒப்பந்தக்காரர். ‘நீ யார்’ என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பி.எஃப். கொடுக்கவேண்டி வருமே.

மாதம் 15,000. ஆண்டுக்கு 1,80,000. ஒரு லட்சம் தாண்டியதால் 1 சதவீதம், 1,800 பிடித்தம். அவளுக்கு வரியே கிடையாது. ஆனாலும் 1,800-ஐத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போடவேண்டும். போன வருடம் ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்து, பிடித்தம் 20 சதவீதம் ஆனது. 15,000-இல் 3,000. இரண்டு மாதம் போயிற்று. அவளிடம் ஃபீஸ் வாங்கவில்லை. ஒரு பொட்டலம் பால்கோவா கொண்டுவந்தாள். பால் சுண்டினால் இதுவாவது மிஞ்சுகிறது.

*

சிறு, குறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம். 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல் அதற்குப் பல் முளைத்தது: தராத தொகையை, தரும் ஆண்டு வரை வாங்கியவர் தன் செலவில் காட்டமுடியாது. 2024 மார்ச்சில் ராஜபாளையத்து மில்களிலிருந்து ‘யார் யாருக்குப் பாக்கி?’ என்று எனக்கே போன் வந்தது. வருமான வரியே கட்டாத உள்ளாட்சிக்கு இந்தப் பல் எங்கே பதியும்? மில்லுக்கு வேலை செய்தவர் சீக்கிரம் வாங்கிவிட்டார். ஊருக்கு வேலை செய்தவர் காத்திருக்கிறார். ஆனால் அரை ஆண்டுத் தொழில் வரி நோட்டீஸ் அவருக்கு நாள் தவறாமல் வருகிறது.

*

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். 194சி (ஒப்பந்தக்காரர்), 194ஜே (வக்கீல்) என்று நாக்கில் பழகிய எண்களெல்லாம் 393 என்ற ஒரே பிரிவுக்குள் போகின்றன. எண்தான் போகிறது.

*

திங்கள்கிழமை வேலை:
வாறுகால்காரர் லெட்ஜரில் 10,000 ‘ஏற்கிறேன்’ அழுத்த.
பான் திருத்தக் கடிதம், மூன்றாம் முறை. கையோடு கொண்டுபோக.
ஆபரேட்டர் பெண் ரிட்டர்ன். பான்-ஆதார் ஒருமுறை சரிபார்க்க.
எனக்கு வரவேண்டிய ஃபீஸ்: மூன்று பேர், ‘பில் வந்ததும் தர்றேன் அண்ணாச்சி’.