மீளாத யாத்திரையும் புத்தளக் கரையும்

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியை விட்டு இடப்புறம் திரும்பி, தென்னந்தோப்புக்களையும் ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் கால்வாயையும் கடந்தால், கடலை ஒட்டிய மணற்பரப்பில் உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தை அடையலாம். திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பால் இலங்கையெங்கும் பெயர் பெற்ற ஊர் இது. நாம் சென்றது திருவிழாக் காலத்தில் அன்று. கச்சான் காற்று ஓய்ந்து கடல் தூங்குவதுபோற் கிடந்தது. கரையில் இரு கயிறுகளையும் பற்றி ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதை ஏந்திப் பாடியபடியே பின்னால் எட்டு வைத்தார்கள். பாட்டு நின்றால் கயிறும் நின்றுவிடும் போலிருந்தது.

இவ்வூராரின் முன்னோர் இராமேசுவரத்துப் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள் என்பது அவர்களின் மரபு. ஏன் புறப்பட்டார்கள் என்பதற்குக் கதைகள் பல உண்டு. புறப்பட்டவர்கள் திரும்பிப் போகவில்லை என்பது மட்டும் கண்கூடு. நம்மை இங்கே இழுத்து வந்ததும் அந்தச் செய்திதான்.

சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு திட்டம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2012ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டில் 'மார்ஸ் ஒன்' என்னும் அமைப்பினர், செவ்வாய்க் கிரகத்தில் மனிதரைக் குடியேற்றப் போவதாக அறிவித்தார்கள். போவதற்கு வழியுண்டு, மீள்வதற்கு வழியில்லை என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். அப்படியிருந்தும் விண்ணப்பங்கள் குவிந்தன. 2015இல் ஆண்கள் 50 பேர், பெண்கள் 50 பேர் என 100 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். 2019 ஜனவரியில் அதன் வர்த்தக நிறுவனம் வங்குரோத்தானது. ஒருவரும் பூமியை விட்டுக் கிளம்பவில்லை. திட்டம் மாண்டாலும் அது எழுப்பிய கேள்வி மாளவில்லை. செவ்வாயில் நகர் சமைக்கும் பேச்சு இன்றும் நடக்கிறது. மீளமாட்டோம் என்று தெரிந்தே போக முன்வருவோரை அனுப்பலாமா?

வலை கரையேறியபின் நிழலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். செவ்வாய்க்குப் போக ஆறேழு மாதம் செல்லும், 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் புறப்படத் தோதான காலம் வரும் என்றெல்லாம் விவரித்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பிமார் போகிற காற்றைச் சொன்னீர்கள். வருகிற காற்று எந்த மாதம்?" என்றார்.

நாம் படித்த கட்டுரைகளில் இதைவிடச் சுருக்கமாக விஷயத்தைத் தொட்டவர் எவருமில்லை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் 38 சதவீதமே. ஆயினும் அங்கிருந்து மேலெழும்ப இராக்கெட்டும் எரிபொருளும் வேண்டும். அவற்றை இங்கிருந்தே சுமந்து செல்வதானால் பாரம் பன்மடங்காகும், செலவும் அப்படியே. ஒருவழிப் பயணம் என்ற யோசனை பிறந்தது வீரத்தால் மாத்திரமன்று, கணக்குப் புத்தகத்தாலும்தான். உடப்பாரின் முன்னோருக்கு அந்த நெருக்கடி இல்லை. வாடைக் காற்றில் பாய் விரித்துத் தெற்கே வந்தவன், சோளகம் எழும்பியதும் வடக்கே போகலாம். அவன் போகாமல் இருந்தது அவன் இஷ்டம். கதவு திறந்திருக்கும் வீட்டில் தங்குவதும், பூட்டிய வீட்டில் இருப்பதும் ஒன்றல்ல.

புத்தளம் நகருக்குள் நுழையும்போதே காற்றில் உப்பு மணக்கிறது. களப்போரம் உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. 1344இல் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா இங்கே வந்திறங்கினார். மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் போனவரைக் காற்று இங்கே தள்ளிவிட்டது. வெள்ளத்தில் அடிபட்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததை அவர் எழுதிவைத்தார். ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களை அளித்து உபசரித்து, ஆதம் மலைக்கும் துணையுடன் அனுப்பிவைத்தான். பின்னர் அவர் ஊர் மீண்டார். அதனாலன்றோ நாம் இதை வாசிக்கிறோம்!

மீளாமல் போனவர் ஒருவரும் இந்நகர் வழியே நடந்திருக்கிறார். கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவரைச் சொல்கிறோம் (கொங்கணக் கரையிலுள்ள கோவா, நமது கோயம்புத்தூரன்று). கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் யோவான் என்னும் ஊழியனுடன் ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். பின்பு புத்தளத்தில் தொண்டாற்றி, 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று சிறையில் வைக்கப்பட்டார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். பிறந்த ஊரை மறுபடி காணவில்லை. அவரை யாரும் அனுப்பவில்லை. கெஞ்சிக் கேட்டு வந்தவர். இப்படிப்பட்ட ஒருவரை மறிக்க எவருக்கு உரிமையுண்டு என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை.

ஆனால் முன்வருவோர் எல்லோரும் அத்தகையோரா? பாலாவியிலிருந்து மேற்கே கிளைக்கும் வீதி நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கியைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிறது. அங்கே ஒல்லாந்தர் 1667இல் தொடங்கிய கோட்டை களப்பின் வாயிலைக் காத்தபடி இன்றும் நிற்கிறது. அருகேயுள்ள பழைய தேவாலயத்தில் கல்லறைக் கற்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி இரு நூற்றாண்டுகளில் ஆசியாவுக்குக் கப்பலேற்றியோர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். ஊர் திரும்பியோர் அதில் பாதிக்கும் குறைவு. போர்வீரன் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தன் கையாலேயே ஒப்பமிட்டான் என்பது உண்மை. கடனாலும் பசியாலும் வளைக்கப்பட்டு, ஆள்பிடிக்கும் தரகர் வீட்டில் சில வாரம் உண்ட கடனுக்காக ஒப்பமிட்டவர்கள் அவர்களிற் பலர் என்பதும் உண்மை. 'தானாக முன்வந்தவர்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தரகன் முகம் நமக்குத் தோன்றுகிறது. மார்ஸ் ஒன் அமைப்பினரும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கினார்கள். பயணத்தைத் தொலைக்காட்சியில் காட்டிப் பணம் திரட்டவும் எண்ணினார்கள். அவர்களுடைய திட்டத்தை 2014இல் ஆராய்ந்த மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், பயிர்களால் பிராணவாயு மிகுந்து, அதைச் சமன்செய்வதில் நைதரசன் தீர்ந்து, ஏறத்தாழ 68ஆம் நாளில் முதல் மரணம் நேரலாம் என்று கணக்கிட்டார்கள். அமைப்பார் அதை ஏற்கவில்லை. கல்லறைக் கற்களிடையே நின்று இதை நினைத்தபோது நமக்குக் கோபமே வந்தது.

திரும்பும் வழி என்பது வெறும் பாதையுமன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கு மேற்பட்டோர் வீடு வாசல் இழந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. பெரும்பாலோர் வந்து தங்கியது இந்தப் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில்தான். 2009இல் போர் முடிந்து பாதை திறந்தபோது சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. கிடுகுக் கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து, இங்கேயே மணமுடித்துவிட்டிருந்தார்கள்.

எழுவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டுக்குள் புகுந்து குதிரைமலைக்கும் போனோம். அல்லி அரசாணி ஆண்ட இடம் என்பர். குளோதியஸ் சக்கரவர்த்தி காலத்தில் உரோமர் ஒருவரின் ஊழியன் காற்றில் அகப்பட்டுக் கரையேறிய 'இப்பூரோஸ்' துறை இதுவே என்று கருதுவாருமுண்டு. விசயன் தன் 700 தோழருடன் இறங்கிய தம்பபண்ணியும் இந்தக் கரையே என்பது ஒரு சாரார் கொள்கை. மகாவம்சத்தின்படி விசயன் வீரப் பயணம் வந்தவனல்லன். குடிகளின் முறைப்பாட்டால் தந்தையே தலையைப் பாதி மழித்துக் கப்பலேற்றி ஓட்டியவன். மலை என்று பெயரே தவிர, கடல் அரித்த செம்மண் மேடுதான். அந்திவெயிலில் அந்த மண் கொள்ளும் நிறத்தைச் சொல்லால் காட்ட முடியாது. செவ்வாயின் சிவப்புக்கும் இதே போன்ற இரும்புத் துருதான் காரணம். ஆனால் இங்கே மேட்டின் கீழே கடல் இரைகிறது, மேலே கழுகு வட்டமிடுகிறது. அங்கே குளிர் சராசரி உறைநிலைக்கு 60 பாகை கீழே. தாய்க்கு ஒரு வார்த்தை சொன்னால் அவள் செவியில் விழச் சில வேளை 20 நிமிடத்துக்கு மேலாகும்.

திரும்பும் வழியில் அநுராதபுர வீதிக்கருகே உள்ள சிரம்பியடி என்ற சிற்றூரில் இறங்கினோம். ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கிறார்கள். காப்பிரிகள் என்று ஊரார் சொல்வர். 1873இல் ஆங்கிலேயர் இலங்கைத் துப்பாக்கிப் படையைக் கலைத்தபோது, படைவீரராயிருந்தவர்களின் குடும்பங்கள் இப்பகுதியிலே தங்கிவிட்டன. முன்னோரிடம் எவரும் விருப்பம் கேட்டதில்லை. பிள்ளைகளிடம் கேட்பதற்கு எதுவுமே இருக்கவில்லை.

நம் தயக்கமெல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. வயது வந்த ஒருவர், கடனோ கட்டாயமோ இன்றி, அபாயத்தை முழுவதும் அறிந்து தம் உயிரைப் பணயம் வைப்பாராகில் வைக்கட்டும். அங்கே குடும்பம் அமைத்துப் பிள்ளை பெறுவது வேறு காரியம். செவ்வாயில் பிறக்கும் குழந்தை எந்த விண்ணப்பத்திலும் ஒப்பமிட்டதன்று. அதன் எலும்பு அந்த ஈர்ப்பில் எப்படி வளரும், பூமிக்கு வந்தால் அதனால் எழுந்து நடக்க முடியுமா என்று இன்று சொல்ல வல்லார் இல்லை. மீளும் கலம் ஒன்று செவ்வாயில் ஆயத்தமாய் நிற்கும்வரை குடியேற்றக் கப்பல் புறப்படலாகாது என்பதே நம் கட்சி. ஏறுவதும் ஏறாததும் அவரவர் இஷ்டம்.

மாலையில் ஊர்ப் பெண்கள் 'மன்ஹா' பாடிக் காட்டினார்கள். கையில் அகப்பட்ட தேங்காய்ச் சிரட்டையும் போத்தலும் கரண்டியுமே தாளம். போர்த்துக்கீச மொழி கலந்த அந்தச் சொற்கள் பலவற்றுக்குப் பாடுவோருக்கே இன்று பொருள் தெரியாது. பொருள் என்னவென்று ஒரு சிறுமியைக் கேட்டோம். சிரித்துக்கொண்டே பாட்டியைப் பார்த்தாள். பாட்டி அடுத்த அடியைத் தொடங்கிவிட்டார்.